கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டை

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்கப் போகிறோம். ஆரஞ்சுப் பழமும் பிஸ்கட் பொட்டலமும் கொடுக்கிறோம். 'டாக்டர் என்ன சொன்னார்?' என்று கேட்கிறோம். ஆனால் கட்டிலின் கால்மாட்டில் தொங்குகிற அட்டையை யாராவது திரும்பிப் பார்க்கிறோமா? 'என்னமோ டெம்பரேச்சர் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்' என்று விட்டுவிடுகிறோம். இப்போது பெரிய ஆஸ்பத்திரிகளில் அட்டைக்குப் பதில் கம்ப்யூட்டரே வந்துவிட்டது. ஆனாலும் அதற்குள் இருக்கும் விஷயம் அதேதான்.

இருபத்தெட்டு வருஷம் நர்ஸிங் மாணவிகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். ஊசி போடவும், கட்டுக் கட்டவும் ஆறு மாதத்தில் கற்றுக் கொடுத்துவிடலாம். அந்த அட்டையை எழுதக் கற்றுக் கொடுப்பதுதான் பெரும் பாடு. அதில் நர்ஸின் கெட்டிக்காரத்தனமும் இருக்கிறது, மனசாட்சியும் இருக்கிறது. வீட்டில் படுத்த படுக்கையாக மாமியாரையோ, காய்ச்சலில் குழந்தையையோ வைத்துப் பார்த்துக் கொள்ளும் நமக்கும் அதில் பாடம் உண்டு. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நோய் வேறு, நோயாளி வேறு

1998-ல் நடந்ததைச் சொல்கிறேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. பக்கவாதம். வலது கை, வலது கால் விளங்கவில்லை. பேச்சும் போய்விட்டது. டாக்டர் கேஸ் ஷீட்டில் நோயின் பெயரை எழுதி, மருந்தும் எழுதிவிட்டார். அவர் வேலை சரியாக நடந்தது.

என்னுடைய இரண்டாம் வருஷ மாணவி ஒருத்தியை அந்தப் பாட்டிக்குப் போட்டிருந்தோம். 'பாட்டிக்கு ஒரு கேர் ப்ளான் எழுதிக்கொண்டு வா' என்றேன். அதாவது, நோயாளியைப் பார்த்துக் கொள்வதற்கான திட்டம். முதலில் அவளும் 'பக்கவாதம்' என்றுதான் எழுதினாள்.

"அது டாக்டர் எழுதியாச்சும்மா. அந்த வியாதியால பாட்டிக்கு இன்னிக்கு என்னென்ன கஷ்டம்? அதை எழுது" என்று திருப்பி அனுப்பினேன்.

போய் ஒரு மணி நேரம் பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தபோது இப்படி எழுதியிருந்தாள்: தானாகப் புரள முடியாததால் படுக்கைப் புண் வரலாம். கஞ்சி குடிக்கும்போது இருமல் வருகிறது. புரை ஏறி நுரையீரலுக்குள் போய்விடலாம். சிறுநீர் வருவதைச் சொல்ல முடியாததால் துணி நனைந்தே கிடக்கிறது. பேச முடியாத ஆற்றாமையில் அழுகிறார்.

இந்த நாலும் மருந்துச் சீட்டில் கிடையாது. ஆனால் பாட்டி பிழைத்து எழுந்திருப்பாரா என்பது இந்த நாலையும் பொறுத்துத்தான் இருந்தது.

கேர் ப்ளானுக்கு ஐந்து படிகள். முதலில் நோயாளியைக் கவனித்துக் கேட்டுத் தெரிந்துகொள்வது. அப்புறம் அவருடைய கஷ்டம் இன்னது என்று பெயர் சொல்வது. மூன்றாவது, எத்தனை நாளில் எது சரியாக வேண்டும், அதற்கு யார், எப்போது, என்ன செய்வது என்று திட்டம் போடுவது. நான்காவது, அதன்படி செய்வது. கடைசியாக, செய்ததில் பலன் இருந்ததா என்று பார்த்து, இல்லாவிட்டால் திட்டத்தை மாற்றுவது. கல்யாணத்துக்கு நாம் போடுகிற ஜாபிதா மாதிரிதான். ஆனால் ஒரே ஒரு ஆளுக்கான ஜாபிதா. பக்கத்துக் கட்டிலில் அதே பக்கவாதத்தோடு படுத்திருப்பவருக்கு இது பொருந்தாது. அவருக்குப் பேச்சு இருக்கலாம், தூக்கம் இல்லாமலிருக்கலாம்.

இல்லத்தரசிகளுக்காக ஒரு புத்தகம்

'இதெல்லாம் படித்த நர்ஸுக்கு, நமக்கெதற்கு?' என்று நினைக்காதீர்கள். ப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் கிரிமியா யுத்தத்திலிருந்து திரும்பி வந்து, 1859-ல் நர்ஸிங் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதை அவர் ஆஸ்பத்திரி நர்ஸுகளுக்காக எழுதவில்லை. வீட்டில் குழந்தையையும் நோயாளியையும் கவனித்துக் கொள்கிற சாதாரணப் பெண்களுக்காகத்தான் எழுதினார். நல்ல காற்று, வெளிச்சம், சுத்தம், சத்தமில்லாமை, ஆகாரம் இவற்றோடு, 'கூர்ந்து கவனி' என்பதையும் ஒரு பாடமாகவே வைத்தார். அடுத்த வருஷம் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் அவர் பெயரில் நர்ஸிங் பள்ளி ஆரம்பமானது.

நம் பக்கத்தில், வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-லேயே நர்ஸ் பயிற்சியை ஆரம்பித்து வைத்தார். 1946-ல் அங்கே பி.எஸ்ஸி. நர்ஸிங் பட்டப்படிப்பே வந்துவிட்டது. இப்போது அந்தப் பட்டப்படிப்பு நாலு வருஷம். டிப்ளமா மூன்று வருஷம். எதில் சேர்ந்தாலும் கேர் ப்ளான் எழுதாமல் வெளியே வர முடியாது.

படிப்பின் தொடக்கத்தில் மாணவிகள் கையில் விளக்கேந்தி உறுதிமொழி எடுத்துக் கொள்வார்கள். பெற்றோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பார்கள். 'நைட்டிங்கேல் உறுதிமொழி' என்று பெயரே தவிர, அதை அவர் எழுதவில்லை. 1893-ல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து நர்ஸிங் பள்ளியில் எழுதப்பட்டது. வெள்ளை உடையும் விளக்குமாக நிற்கும்போது உறுதி சொல்வது சுலபம். ராத்திரி மூன்று மணிக்கு, யாரும் பார்க்காதபோது அதைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

இரண்டு மணியும் நாலு மணியும்

அந்த மாணவி போட்ட திட்டத்தில் முதல் வரி: 'இரண்டு மணிக்கு ஒரு தரம் பாட்டியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். புரட்டியதும் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.' மூன்று நாள் அப்படியே நடந்தது.

பாட்டியின் மகள் நாலு ராத்திரி கண் விழித்து வாடிப் போயிருந்தாள். "நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வாங்கக்கா. நான் பார்த்துக்கறேன்" என்று அவளை அனுப்பி வைத்ததும் இந்தப் பெண்தான்.

அன்று ராத்திரி வார்டில் ஒரே அமளி. அடுத்தடுத்து இரண்டு புது அட்மிஷன். ஒரு நோயாளிக்கு வலிப்பு. ஸ்டாஃப் நர்ஸும் இவளும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு வலது பக்கமாகப் படுக்க வைத்த பாட்டியை, ஆறு மணிக்குத்தான் மறுபடி புரட்ட முடிந்தது. ஆனால் அட்டையில் இரண்டு மணிக்கும், நாலு மணிக்கும் 'புரட்டியாயிற்று' என்று கையெழுத்து இருந்தது. ஐந்தரை மணிக்கு இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறாள்.

காலையில் உடம்பு துடைத்துவிடும்போது வலது இடுப்பெலும்பு மேல் சிவப்பாக ஒரு தடம் தெரிந்தது. விரலால் அழுத்தினால் சாதாரணச் சிவப்பு வெளுத்து, விரலை எடுத்ததும் திரும்ப வரும். இது வெளுக்கவில்லை. படுக்கைப் புண்ணின் முதல் கட்டம் அதுதான்.

இனிமேல்தான் விஷயம். டாக்டர் அட்டையைப் பார்த்தார். இரண்டு மணிக்கொரு தரம் ஒழுங்காகப் புரட்டியிருக்கிறார்கள். அப்படியும் தடம் விழுகிறதென்றால், உடம்பில் புரதச் சத்துக் குறைவோ, சர்க்கரையோ, ரத்த ஓட்டத்தில் கோளாறோ இருக்க வேண்டும் என்று நினைத்தார். வேறென்ன நினைப்பார்? ரத்தம் எடுக்கச் சொன்னார். பாட்டியின் கையில் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். வாய் பேச முடியாத பாட்டி கண்ணீர் விட்டார்.

மத்தியானம் அந்தப் பெண் என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"மேடம், ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நான் புரட்டலை. புரட்டினதா எழுதிட்டேன். என்னால பாட்டியக் குத்திட்டாங்க மேடம்."

வார்டு ஸிஸ்டரிடம் அழைத்துப் போனேன். நல்லவர்தான் அவர். "விடுங்க மேடம். வெறும் சிவப்புதானே, ரெண்டு நாள்ல போயிடும். எழுதினா பொண்ணு பேரும் கெடும், வார்டு பேரும் கெடும்" என்றார். அட்டையை மாற்றி வேறு எழுதிவிடலாம் என்றும் யோசனை சொன்னார். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் படிப்பே போய்விடுமோ என்ற பயம். அப்பா கடன் வாங்கிப் படிக்க வைத்த குடும்பம்.

எங்கள் தொழிலில் இதற்கு விதி இருக்கிறது. தப்பாக எழுதியதை ரப்பரால் அழிக்கக் கூடாது. மேலே வெள்ளை பூசக் கூடாது. தாளைக் கிழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடிக்க வேண்டும். அடித்த எழுத்தும் படிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் உண்மையை எழுதி, தேதி, நேரம், கையெழுத்துப் போட வேண்டும். அவளையே எழுதச் சொன்னேன். டாக்டரிடமும் அவளே சொன்னாள். மீதிப் பரிசோதனைகளை அவர் நிறுத்தினார்.

மகளிடம் சொன்னதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. அவள் கத்தவில்லை. "நம்பித்தானே போய்த் தூங்கினேன்" என்று மட்டும் கேட்டாள். அந்தப் பெண்ணோடு அன்று முழுக்கப் பேசவில்லை. கோபப்பட அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

மாணவிக்குத் தண்டனையும் கிடைத்தது. ஒரு வார விடுமுறை ரத்து. படிப்பு போகவில்லை. ஆனால் அதோடு முடித்தால் பாதி நியாயம்தான் ஆகும். அத்தனை கட்டிலுக்கு ராத்திரியில் இரண்டே பேர் என்றால், திட்டம் தாளில்தான் நடக்கும். அதை மேலிடத்துக்கு எழுதினோம். அமளியான ராத்திரிகளுக்குப் பக்கத்து வார்டிலிருந்து ஒரு கை உதவிக்கு வர ஏற்பாடாயிற்று. அட்டையிலும் ஒரு கட்டம் சேர்த்தோம்: 'செய்ய முடியாமற் போனால், காரணம்.' 'நாலு மணி: புரட்டவில்லை, வலிப்பு நோயாளியிடம் இருந்தேன்' என்று எழுதினால் யாரும் திட்டக் கூடாது என்று முடிவு செய்தோம். அப்படி எழுதியிருந்தால், ஐந்தரை மணிக்கே பாட்டியைப் புரட்டியிருப்பார்கள். ரத்தம் எடுக்கவும் வேண்டியிருந்திருக்காது.

உண்மையை எழுத இடமில்லாத அட்டையில் பொய்தான் ஏறும். பள்ளிக்கூடத்துக் குழந்தையின் ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டுக்கும் இது பொருந்தும், இல்லையா?

மூன்றாம் நாள் சிவப்பு மறைந்தது. அன்றைக்குத்தான் மகள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "வீட்டுக்குப் போனா நான்தானே செய்யணும். எப்படிப் புரட்டணும்னு காட்டு" என்றாள்.

புண்ணே வராத 42 வருஷம்

புரட்டிப் படுக்க வைப்பது அவ்வளவு பெரிய காரியமா என்று கேட்கலாம். மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அருணா ஷான்பாக்கைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1973 நவம்பரில், அங்கேயே வேலை பார்த்த ஒருவனால் கொடூரமாகத் தாக்கப்பட்டு, மூளை பாதித்துப் படுக்கையில் விழுந்தார். 2015 மே மாதம் நிமோனியாவில் இறக்கும் வரை 42 வருஷம் அதே ஆஸ்பத்திரியின் நர்ஸுகள் அவரைப் பார்த்துக் கொண்டார்கள். அருணாவோடு வேலை செய்தவர்கள் ரிடையராகிப் போனார்கள். அவரை நடமாடிப் பார்த்தே அறியாத இளம் பெண்கள் தொடர்ந்து செய்தார்கள். 2011 மார்ச்சில் கருணைக்கொலை வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது, அத்தனை வருஷத்தில் அவருக்கு ஒரு படுக்கைப் புண் கூட வரவில்லை என்பது பேசப்பட்டது. நீதிபதிகள் அந்த நர்ஸுகளை மனமாரப் பாராட்டினார்கள். ஒவ்வொரு ட்யூட்டியிலும் யாரோ ஒருத்தி தன் முறையை விடாமல் செய்ததன் பலன் அது.

கேட்டுச் செய், மூடி வை

தொழில் ஒழுக்கம் என்று புத்தகத்தில் பெரிய பெரிய வார்த்தைகளாக இருக்கும். மாணவிகளுக்கு நான் சின்னச் சின்னக் காரியங்களாகச் சொல்லிக் கொடுப்பேன்.

*கேட்டுவிட்டுத் தொடு.* "பாட்டி, உடம்பு துடைச்சு விடட்டுமா?" என்று கேட்க வேண்டும். பேச முடியாதவரிடமும், நினைவில்லாதவரிடமும் கூட சொல்லிவிட்டே செய்ய வேண்டும். திரையை இழுத்து மூடாமல் சேலையை விலக்கக் கூடாது.

*கேட்டதை வெளியே சொல்லாதே.* கல்யாணமாகாத பெண்ணின் கர்ப்பம், குடும்பத்தலைவரின் குடிப்பழக்கம், யாருடைய ரத்தப் பரிசோதனை முடிவு, எதுவும் கான்டீனில் பேச்சாகக் கூடாது. எச்.ஐ.வி. உள்ளவரின் சம்மதமில்லாமல் அதை வெளியிடக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்திருக்கிறது.

*பொய்யும் சொல்லாதே, போட்டும் உடைக்காதே.* "எனக்குக் கான்சரா ஸிஸ்டர்?" என்று நோயாளி கேட்டால், 'அதெல்லாம் ஒண்ணுமில்லே' என்பது தப்பு. டாக்டர் சொல்வதற்கு முன்னால் தானாகச் சொல்லிவிடுவதும் தப்பு. "டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னார்? நீங்க என்ன தெரிஞ்சுக்கணும்னு நினைக்கறீங்க?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, அதை டாக்டரிடம் கொண்டு போக வேண்டும்.

*கை நீட்டாதே.* குழந்தை பிறந்த சந்தோஷத்தில் கொடுப்பதாயிருந்தாலும் பணம் வாங்கக் கூடாது. இன்று கொடுக்க முடிந்தவருக்கு ஒரு கவனிப்பு, முடியாதவருக்கு ஒரு கவனிப்பு என்று அது போய் நிற்கும். கொடுக்கிற நாமும் இதை யோசிக்க வேண்டும்.

வீட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு

வீட்டில் நோயாளி இருந்தால் ஒரு நோட்டுப் போடுங்கள். அழகாக எழுத வேண்டாம். உண்மையாக எழுதினால் போதும்.

1. நோயின் பெயரை எழுதாதீர்கள். இன்றைக்கு அவருக்கு என்ன கஷ்டம் என்று எழுதுங்கள். 'ராத்திரி தூக்கமில்லை', 'இரண்டு நாளாக வெளிக்குப் போகவில்லை', 'பேரனைப் பார்க்கவில்லை என்ற குறை'. முடிந்தவரை அவரையே கேட்டு எழுதுங்கள்.

2. யார், எப்போது செய்வது என்று பெயர் போடுங்கள். எல்லாம் மருமகள் தலையிலேயே விழ வேண்டாம். ராத்திரி பத்து மணிக்குப் புரட்டுவது மகன் வேலையாக இருக்கட்டும். பார்த்துக் கொள்கிறவளுக்கும் தூக்கம் வேண்டும். அதையும் திட்டத்தில் எழுதுங்கள்.

3. புரள முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணிக்கொரு தரம் புரட்டுங்கள். இழுக்காதீர்கள், இரண்டு பேராக விரிப்போடு தூக்கி நகர்த்துங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் பாருங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. அந்தக் காலத்தில் ஸ்பிரிட் தடவித் தேய்த்து, பவுடர் போடுவார்கள். ட்யூப் மாதிரி வளையத்தின் மேல் உட்கார வைப்பார்கள். இரண்டும் கூடாது என்பதே இப்போதைய பாடம். காற்று மெத்தை வாங்கினாலும் புரட்டுவதை நிறுத்தாதீர்கள். நனைந்த துணியை உடனே மாற்றுங்கள்.

4. பக்கவாதம் வந்தவருக்கு, விழுங்க முடிகிறதா என்று ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொன்ன பிறகே வாய்வழி ஆகாரம். நிமிர்த்தி உட்கார வைத்து, சின்ன ஸ்பூனால், ஒரு வாய் விழுங்கிய பின் அடுத்த வாய். சாப்பிட்டதும் அரை மணி நேரமாவது சாய்க்க வேண்டாம். இருமினால், தொண்டை கரகரத்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.

5. மருந்து கொடுக்கும் முன் ஐந்து கேள்விகள்: இந்த ஆளுக்கா? இந்த மருந்தா? இந்த அளவா? இந்த வழியாகவா, அதாவது வாயிலா, காதிலா, கண்ணிலா? இந்த நேரத்திலா? கொடுத்தவுடன் எழுதுங்கள், கொடுக்கும் முன்பே எழுதாதீர்கள்.

6. இளம் தாய்மாருக்கு: குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நேரம், தெர்மாமீட்டர் காட்டிய அளவு, கொடுத்த மருந்தின் அளவு மூன்றையும் எழுதுங்கள். நீங்கள் அடுக்களையில் இருக்கும்போது பாட்டி ஒரு வேளை பாரசிட்டமால் கொடுத்திருப்பார். தெரியாமல் நீங்களும் கொடுப்பீர்கள். நோட்டு இருந்தால் இந்த இரட்டை மருந்து நேராது. வயிற்றுப்போக்கு என்றால், எத்தனை தடவை போனது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்று குறியுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லையென்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

7. செய்யாததைச் 'செய்யவில்லை' என்றே எழுதுங்கள். அதைப் பார்த்து யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது என்று வீட்டில் முதலிலேயே பேசி வையுங்கள். மாமியார் கோபிப்பாரே, கணவர் திட்டுவாரே என்ற பயம் வந்துவிட்டால் நோட்டும் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். பொய் நோட்டைக் காட்டினால் டாக்டரின் கணக்கும் பொய்யாகும்.

உங்கள் மகள் நர்ஸிங் படிக்கிறாளா? விடுமுறைக்கு வரும்போது 'எத்தனை மார்க்?' என்று கேளுங்கள், தப்பில்லை. கூடவே, 'இந்த மாசம் யாரைப் பார்த்துக்கிட்டே? அவங்களுக்கு என்ன கஷ்டம்?' என்றும் கேளுங்கள். ஊரும் பெயரும் சொல்லாமல், அந்த நோயாளியின் கஷ்டத்தை மட்டும் அவள் சொன்னால், பாடம் நன்றாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஏதாவது தவறிப்போய் பயந்துகொண்டு வந்து சொன்னால், முதலில் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். வீட்டில் உண்மை சொல்லிப் பழகிய பெண் வார்டிலும் உண்மைதான் எழுதுவாள்.